மறுமொழி: தீக்கதவு விளிம்புப் பட்டைக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

வடசென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்காக, தீ பரவாமல் தாங்கி நிற்கும் தீக்கதவுகளின் பராமரிப்புக் குறிப்பு தயாராகிறது. நிலை, கீல், காடி என்று பெரும்பாலானவற்றுக்கு ஆசாரிகளின் சொல்லே போதும். 'இன்டியூமசென்ட் ஸ்ட்ரிப்' ஒன்றுதான் இடிக்கிறது. கதவு விளிம்பிலோ நிலையிலோ காடி எடுத்துப் பதிக்கும் பட்டை அது. அகலம் 10 முதல் 20 மி.மீ., கனம் பெரும்பாலும் 4 மி.மீ. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசில் பல மடங்கு பருத்து இடுக்கை அடைத்துவிடும். 'வீங்குபட்டை' எனலாமா?

(வண்ணாரப்பேட்டை)

> 'வீங்குபட்டை' எனலாமா?

வேண்டாம் ஐயா. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கதவு வீங்கிவிட்டது என்றால் ஐப்பசி மழை ஈரம் என்றுதான் பொருள். உடனே இழைப்புளி போட்டு விளிம்பைச் சீவுவார்கள். தீக்கதவில் அப்படிச் சீவினால் பட்டையும் சேர்ந்து சிதையும். மரம் உலர்ந்த பிறகு, பக்கங்களிலும் மேலேயும் 3 மி.மீ. அளவில் இருக்கவேண்டிய இடைவெளி 6, 7 என்று அகன்றுவிடும். மிச்சமிருக்கும் பட்டை பருத்தாலும் அதை அடைக்காது. சீவத் தூண்டும் சொல்லை நாமே கொடுக்கக் கூடாது.

'பொங்குபட்டை' என்று வைப்போம். பால் சூடேறித்தான் பொங்கும். இந்தப் பட்டையும் அப்படியே. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஆகவே இடையில் 'ப்' மிகாது.

குறிப்பின் தலைப்பில் 'தீயணைப்புக் கதவு' என்றிருப்பதையும் மாற்றுங்கள். அது எதையும் அணைப்பதில்லை. 30, 60, 120 நிமிடம் என்று சோதித்த அளவுக்குத் தீயைத் தாங்கி நிற்கும், அவ்வளவே. 'தீக்கதவு' சரி.

(திருவொற்றியூர்)

பொங்குபட்டை அருமை அம்மா, ஏற்கிறேன். ஆனால் அது இருந்தால் புகையும் வராது என்று படிப்பவர்கள் நம்பிவிடக் கூடாது. தொடக்கத்தில் மாடிப்படிக்குக் கசியும் புகையில் அவ்வளவு சூடு இருக்காது, பட்டை பொங்காது. அந்தப் புகையைத் தடுப்பது பிரஷ் மாதிரி முடி வைத்த இன்னொரு பட்டை. அதற்குப் 'புகைத்தடைப் பட்டை' என்று தனிப்பெயர் வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அங்கேயும் இரண்டு பெயரையும் எழுதுவோம். வெள்ளையடிக்கும்போது முடிமேல் பெயின்ட் பட்டால் விறைத்துப்போய் இடுக்கில் படியாது. முன்கூட்டியே டேப் ஒட்டி மறைக்கச் சொல்லவேண்டும்.

காற்றுக்காகச் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்த கதவில் இரண்டு பட்டையும் வீண். இதைக் குறிப்பின் முதல் வரியாகவே போடலாம். சோதனை எளிது: கதவை முழுக்கத் திறந்து விடுங்கள், பிறகு ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள். இரண்டு தடவையும் தானே சாத்தி, பூட்டின் நாக்கு நிலையில் விழவேண்டும். விழாவிட்டால், கதவைத் தானே சாத்தவைக்கும் டோர் குளோசரின் வேகத் திருகைச் சரிசெய்யலாம். எண்ணெய் ஒழுகியிருந்தால் திருகிப் பயனில்லை, மாற்றியே ஆகவேண்டும்.

அந்தக் குளோசருக்குத் 'தானடைப்பான்' என்று ஒரு பழைய பரிந்துரை இருக்கிறது. குழாய் வால்வையும் அடைப்பான் என்பதால் குழம்பும். 'கதவுச்சாத்தி' என்று போடுகிறேன், மறுப்பிருந்தால் எழுதுங்கள்.

(வண்ணாரப்பேட்டை)