தமிழ் மாணவர்களுக்குப் பௌத்தம்: முதல் வகுப்பில் எதை வைப்பது?

கமாயுட்வாசி:
யாங்கோனில் பட்டப்படிப்பு படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் பௌத்த வகுப்பு நடத்த ஒரு யோசனை. ஆறு வாரம், வாரம் 75 நிமிடம், எல்லாம் தமிழில். எதில் தொடங்கலாம்? அபிதம்மத்தை (மனத்தையும் பொருளையும் வகைப்படுத்தும் பௌத்தப் பகுப்பாய்வை) சுருக்கிச் சொல்லும் அபிதம்மத்த சங்கஹம் என்ற பாலி நூலில் என்பது என் கட்சி. 89 சித்தம் (மனநிலை), 52 சேதசிகம் (மனத்தோடு எழும் குணம்), 28 ரூபம் (பருப்பொருள்), நிப்பானம் (விடுதலை) என்ற சட்டகம் மனசில் நின்றுவிட்டால் பிறகு எந்தச் சூத்திரத்தைத் திறந்தாலும் வழி தெரியும். பர்மியத் துறவி லெடி சயாடோ (1846–1923) அதை எளிய பர்மியச் செய்யுளாக்கிச் சம்சாரிகள் கையில் கொடுத்தார். இந்த மண்ணின் வழக்கமும் அதுதான்.

பெகு வாத்தியார்:
தம்பி, உ பா கின்னும் சம்சாரிதான். அக்கவுண்டண்ட் ஜெனரலாக இருந்துகொண்டே தியானம் சொல்லிக்கொடுத்தவர், 1952இல் யாங்கோனில் தியான மையமே அமைத்தார். அங்கே முதலில் பட்டியலா கொடுத்தார்கள்? மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே மூச்சு படும் இடத்தைக் கவனி என்றுதான் தொடங்கினார்கள். பசியோடு இருக்கிறவனுக்குச் சமையல் குறிப்பை வாசித்துக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

மோல்மேன் அக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. தமிழில் நடத்துவதாகச் சொல்கிறீர்கள், தமிழ்ச் சொற்களே குழிபறிப்பதைக் கவனிக்கவில்லையே. துக்கம் என்றால் நம் பிள்ளைகளுக்குத் துக்க வீடு, துக்கம் விசாரிப்பது. "எல்லாம் துக்கம்" என்று பலகையில் எழுதிவிட்டால் இது அழுமூஞ்சி மதம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுவார்கள். நிர்வாணம் என்றதும் பின்வரிசை சிரிக்கும், அதனால் நிப்பானம் என்ற பாலி வடிவமே நல்லது. கர்மம் என்றால் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்வார்கள். புத்தர் சொன்ன கம்மமோ சேதனா, அதாவது மனம் முனைந்து செய்வது.

எல்லாவற்றிலும் மோசம் மாச்சரியம். தமிழில் அது பொறாமை. அபிதம்மத்தில் பொறாமைக்கு இஸ்ஸா என்று பேர், மச்சரியம் என்பது கஞ்சத்தனம். தமிழில் கஞ்சத்தனத்தை உலோபம் என்போம், பாலியில் லோபம் பேராசை. இந்தக் குழப்பத்தோடு 52 சேதசிகத்தை ஒப்பிக்க வைத்தால் தலைகீழாகத்தான் ஏறும்.

கமாயுட்வாசி:
அக்கா, அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. கஞ்சத்தனத்தை அபிதம்மம் பேராசையோடு சேர்ப்பதில்லை, துவேஷத்தோடு சேர்க்கிறது. என் பொருள் இன்னொருவனுக்குப் போவதைப் பொறுக்காத கசப்பு அது. வகுப்பு நோட்டை நண்பனுக்குத் தர மனசு வராத அந்த நொடியைப் பார் என்று மாணவனிடம் சொல்லுங்கள், புரியும். பட்டியல் இல்லாவிட்டால் இந்த நுட்பம் கண்ணில் படுமா? ஆனால் 89 சித்த அட்டவணையை முதல் நாள் மாட்டக்கூடாது என்பதை ஏற்கிறேன். முதல் அத்தியாயத்தைத் தள்ளிவைத்து, இரண்டாம் அத்தியாயத்தில் உள்ள 14 அகுசல (தீய) சேதசிகங்களில் தொடங்கலாம்.

பெகு வாத்தியார்:
சொல் குழப்பம் தீர அக்கா சொல்லும் வழி என்ன?

மோல்மேன் அக்கா:
மணிமேகலை, அண்ணே. கடைசிக் காதையில் பன்னிரண்டு சார்பும் (ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழும் காரணச் சங்கிலி) வரிசையாகத் தமிழிலேயே இருக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். நம் பாட்டன் சொத்து இது. பௌத்தம் பர்மியர் சமாச்சாரம் என்று ஒதுங்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

கமாயுட்வாசி:
சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு உணர்வு என்றால் மாணவன் மகிழ்ச்சி, கோபம் என்று எழுதுவான். அங்கே அது விஞ்ஞாணம், அறியும் மனம். நுகர்வு என்றால் கடையில் பொருள் வாங்குவது, ஊறு என்றால் தீங்கு. துக்கத்துக்குச் சொன்ன அதே கோளாறு இங்கேயும் இருக்கிறதே, அக்கா. இன்னொன்று, அதற்கு முந்தைய காதையின் அளவை (தர்க்க) முறை பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரின் மரபைச் சேர்ந்தது. பர்மாவில் வழங்கும் தேரவாதப் பௌத்தப் பாடத்தோடு அப்படியே ஒட்டாது.

மோல்மேன் அக்கா:
ஊறு விஷயத்தில் நீ சொல்வது சரி தம்பி, அது என் வாதத்தில் ஓட்டைதான். ஆனால் நுகர்வுக்கு வேதனா என்ற பாலிச் சொல்லையே வைத்தாலும் தப்ப முடியாது. தமிழில் வேதனை வலி, பர்மியத்திலும் வேதனா என்றால் வலி, நோய். இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது என்ற மூன்றும் அதில் அடக்கம் என்பது இரண்டு மொழியிலும் காணாமல் போகிறது. எந்தச் சொல்லை எடுத்தாலும் கூடவே ஒரு பொருளைக் கையில் கொடுத்தாக வேண்டும்.

பெகு வாத்தியார்:
அப்படியானால் ஐஸ் தண்ணீர் டம்ளர் கொடுங்கள். ஆளுக்கு ஒன்று, இரண்டு நிமிடம் பிடிக்கட்டும். தோல், குளிர்ச்சி, அறியும் மனம் மூன்றும் கூடியது ஊறு. முதலில் இதமாக இருந்தது, பிறகு கடுத்தது: இரண்டும் நுகர்வு. கையை எடுக்கத் தோன்றியது வேட்கை. அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று சார்பு கைக்கு வந்துவிடும்.

அதன் பிறகு மூச்சு, பத்து நிமிடம் மட்டும். எடுத்த எடுப்பில் நாற்பது நிமிடம் உட்கார வைத்தால் பிள்ளைகள் முழங்கால் வலியைத்தான் தியானிப்பார்கள். மூச்சை இழுத்து விடுவது இன்னொரு தவறு. "நீளமாக விடு" என்று நாம் சொல்லிவிட்டால் பிராணாயாமம் ஆகிவிடும். வருகிற மூச்சை வருகிறபடி கவனிப்பதுதான் ஆனாபானம். இன்னொரு பர்மியத் தியான ஆசிரியரான மஹாசி சயாடோ முறையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் குறிப்பார்கள், அதுவும் நல்ல முறைதான். ஒரே வகுப்பில் இரண்டையும் கலக்காதீர்கள், கவனம் மூக்குக்கும் வயிற்றுக்கும் அலையும்.

கமாயுட்வாசி:
டம்ளரை ஏற்கிறேன் அண்ணே. சித்த வீதியை, அதாவது ஒன்றை அறியும்போது மனம் கணம் கணமாகச் செல்லும் வரிசையை, மட்டும் விட்டுத்தர மாட்டேன். மாமரத்தடியில் தூங்குகிறவன் காதருகே பழம் விழ, விழித்து, பார்த்து, எடுத்து, பிசைந்து, முகர்ந்து, தின்றுவிட்டு மறுபடி தூங்குகிற அட்டகதை (பழைய பாலி உரை) உவமையோடு நாலாம் வாரம் நடத்துகிறேன். 17 சித்தக் கணத்தில் ஏழு ஜவனம் (மனம் முனைந்து செயல்படும் கணம்), அந்தத் தின்கிற இடம். கம்மம் அங்கேதான் உண்டாகிறது. தலையெழுத்து என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான பதில் என்ன இருக்கிறது?

மோல்மேன் அக்கா:
நாலாம் வாரம் சரி. எதை எந்த ஆதாரத்தில் ஏற்கலாம் என்று காலாமர்களுக்குப் புத்தர் சொன்ன காலாம சூத்திரத்தை மட்டும் முதல் வாரத்தில் வைக்காதீர்கள். "எதையும் நம்பாதே, உன் அறிவுக்குப் பட்டதே சரி" என்று படித்த பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே போதாதவை என்று தள்ளப்படும் பத்து ஆதாரங்களில் தர்க்கமும், எனக்குப் பொருத்தமாகப் படுகிறது என்பதும் சேர்ந்தே இருக்கிறது. பத்தையும் பலகையில் எழுதி, அறிவோர் பழிப்பது எது, புகழ்வது எது என்ற உரைகல்லையும் பக்கத்தில் எழுதினால்தான் அந்தச் சூத்திரம் முழுசாக இருக்கும். அதற்கு ஒரு வகுப்பு முழுவதும் வேண்டும். ஆறாவது வாரத்தை எனக்கு விடுங்கள்.