தெருவில் நிற்கும் வேனில் ஒரு அம்மாவும் பையனும் தங்கியிருக்கிறார்கள், அக்கம்பக்கத்தவர் என்ன செய்யலாம்?

வாசல்திண்ணை எழுதியது:

எங்கள் தெருக் கடைசியில் ஒரு பழைய வேன் சில வாரமாக நிற்கிறது. கண்ணாடிகளில் உள்பக்கம் துண்டும் அட்டையும் வைத்து மறைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு அம்மா இறங்கி, பாட்டில் தண்ணீரைப் பையன் கையில் ஊற்றி முகம் கழுவ வைக்கிறார். அவன் வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அவர்கூட நடந்து போகிறான். பத்து வயது இருக்கும்.

இப்போது தெரு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. புகார் கொடுத்து வண்டியை எடுக்க வைக்கலாம் என்று ஒரு கட்சி, பாவம் விட்டுவிடுங்கள் என்று இன்னொன்று. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொண்டால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? போய்ப் பேச வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கூச்சப்படுவார்களோ, பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று யோசனை. பணம் கொடுப்பதா, சாப்பாடா, வீட்டுக் குளியலறையைத் திறந்துவிடுவதா? இப்படி வாழ்ந்தவர்களோ, பக்கத்தில் இருந்து உதவியவர்களோ இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நெடுவழி எழுதியது:

வேலை போய், வாடகை கட்ட முடியாமல், ஒரு குளிர்காலம் முழுக்கக் காரில் இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி போய்க் கண்ணாடியைத் தட்டாதீர்கள், டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். காரில் தூங்குகிறவருக்கு அந்தத் தட்டல் சத்தம் என்றால் போலீஸ், இல்லை குடிகாரன், இல்லை வண்டியை எடு என்று கத்த வந்த யாரோ. நல்லது நினைத்து வந்தவர் தட்டினாலும் நெஞ்சு அடித்துக்கொள்வது ஒன்றுதான். பகலில், அவர் வெளியே நிற்கும்போது, நாலடி தள்ளி நின்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எந்த வீடு என்று கையைக் காட்டுங்கள். எப்படி இந்த நிலைக்கு வந்தீர்கள் என்று கேட்க வேண்டாம், அது அவருக்கே தோன்றும்போது சொல்ல வேண்டியது. ஃபோட்டோ எடுக்கவே கூடாது.

அப்புறம், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும், நானும் எல்லோரிடமும் அதையேதான் சொன்னேன். எதையாவது குறிப்பாகச் சொல்லுங்கள். "இதோ எங்கள் வெளிக்குழாய், எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள்", "ஃபோன் சார்ஜ் இறங்கினால் கொடுங்கள், போட்டு வைக்கிறேன்". மறுத்தால் சரி என்று சிரித்துவிட்டு வந்துவிடுங்கள், ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை கேட்கலாம். என்னிடம் அப்படி மறுபடி வந்து கேட்ட ஒரே ஒரு பெரியவரைத்தான் நான் நம்பினேன்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம் கழிப்பறை. ராத்திரி எழுந்து போக இடம் இல்லாததால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவோம். பெண்களுக்கு, அதுவும் மாதவிடாய் நாட்களில், இது எவ்வளவு பெரிய வேதனை என்று நான் சொல்லத் தேவையில்லை. குளியலறையைத் திறந்துவிட மனமிருந்தால் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் நிம்மதி, ஒவ்வொரு முறையும் கேட்டு நிற்கும் சங்கடம் அவருக்கும் இருக்காது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஃபிரிட்ஜும் இல்லை அடுப்பும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள், சமைக்க வேண்டிய பொருளை மூட்டையாகக் கொடுத்தால் கால் நீட்டும் இடம்தான் போகும். பழைய துணியும் அப்படியே, இருக்கிற துணியைத் துவைத்துக் காயவைக்கத்தான் வழி இருக்காது.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர், அவசரப் பிரிவில் இருக்கிறேன். நெடுவழி சொன்னதோடு உடம்பு சம்பந்தமாகச் சிலது.

குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும், வண்டிக்குள் கரியோ சின்ன கேஸ் அடுப்போ பற்றவைப்பதும் ஆளைக் கொல்லும். காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஆரம்பிக்கும், தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாமலே முடிந்துவிடும். பழைய வண்டியில் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, பனியோ சேறோ அடைத்திருந்தாலோ புகை உள்ளேயே வரும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, கனமான போர்வைகள், இந்த இரண்டையும் கொடுங்கள். எல்லாக் கண்ணாடியையும் இறுக்க மூடிப் படுத்தால் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியிலும் மெத்தையிலும் படிந்து பூஞ்சை பிடிக்கும், எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

வெயில் காலம் இதைவிடக் கொடுமை. நிறுத்தி மூடிய காருக்குள் பத்து நிமிடத்திலேயே சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் அது பெரிதாகக் குறையாது. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். அதனால் விடுமுறை நாளில் அந்தப் பையன் பகலில் எங்கே இருக்கிறான் என்று கவனியுங்கள். உங்கள் பிள்ளைகளோடு வந்து விளையாடட்டும் என்று கூப்பிடலாம், நூலகத்துக்குக் கூட்டிப் போகலாம்.

உட்கார்ந்தபடியே தூங்குவதிலும் ஆபத்து உண்டு. 2004இல் ஜப்பானில் நீகாட்டா பகுதி நிலநடுக்கத்துக்குப் பிறகு, பின்னதிர்வுக்குப் பயந்து காரிலேயே தூங்கியவர்களில் சிலர் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தார்கள். 2016இல் குமமோட்டோ நிலநடுக்கத்தின்போதும் இதே நடந்தது. வேன் என்பதால் பின் சீட்டைக் கழற்றியோ மடக்கியோ ஒரு பலகையும் மெத்தையும் போட முடியுமா என்று பாருங்கள், கால் நீட்டிப் படுக்க முடிந்தால் பாதி நோய் வராது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று பழகிய பிறகு கேளுங்கள். பல இன்சுலின் வகைகள் திறந்த பிறகு 30 டிகிரிக்குள் ஏறக்குறைய 28 நாள் தாங்கும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் தாங்காது. உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் அதற்கு ஒரு டப்பா வைக்க இடம் கொடுப்பது உயிர் காக்கும் உதவி.

எதிர்வீடு எழுதியது:

நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பகுதியிலும் இப்படி ஒரு வண்டி நின்றது. ஓரமெல்லாம் குப்பை, ராத்திரியில் யார் யாரோ வந்து போவார்கள், சண்டைச் சத்தம். என் அம்மா பகலில் தனியாக இருப்பவர், வாசலுக்கு வரவே பயந்தார். புகார் கொடுக்கிறவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று பேசுகிறார்கள், எங்கள் பயத்தையும் யாராவது கேட்க வேண்டும்.

ஸ்பேனர் எழுதியது:

எதிர்வீடு, உங்கள் பயம் நியாயமானதுதான். அடிதடி, மிரட்டல், பிள்ளையை அடிப்பது என்று ஏதாவது நடந்தால் போலீஸைக் கூப்பிடத்தான் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் குப்பைக்கு நம் தொட்டியைக் காட்டினாலே பெரும்பாலும் முடிந்துவிடும், அவர்களுக்குக் குப்பை போட இடமே கிடையாது. வண்டி நிற்கிறது என்பதற்காக மட்டும் புகார் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நான் மெக்கானிக். தூக்கிக்கொண்டு போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டியோடு மருந்து, அடையாள அட்டை, பிள்ளையின் பாடப் புத்தகம், கூலி வேலைக்கான சாமான் எல்லாம் போய்விடும். மீட்க வேண்டுமென்றால் அபராதம், தூக்கிய கூலி, நிறுத்தி வைத்ததற்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டணம். அந்தப் பணம் கையில் இருந்தால் அவர்கள் ஏன் வண்டியில் தூங்குகிறார்கள்? அன்று ராத்திரி அவர்கள் நடைபாதையில் இருப்பார்கள், அதுவும் உங்கள் தெருவுக்குப் பக்கத்து நடைபாதையாகவே இருக்கும்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சியாட்டில் நகரத்தில் தன் டிரக்கிலேயே வாழ்ந்த ஒரு தொழிலாளியின் வண்டியை 2016இல் தூக்கிவிட்டார்கள், அவருடைய வேலைக் கருவிகள் எல்லாம் அதற்குள். 2021இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அந்த டிரக் அவருடைய வீடு என்றும், அவர் வருமானத்துக்கு 547 டாலர் கட்டச் சொன்னது வரம்பு மீறிய தண்டம் என்றும் தீர்ப்புச் சொன்னது. லாஸ் ஏஞ்சலஸில் வண்டியில் வாழ்வதைத் தடுத்த சட்டத்தை 2014இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் தங்கித் தூங்குபவர்களுக்கு ஊர் நிர்வாகம் தண்டனை விதிக்கலாம் என்று வேறொரு வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, எந்த ஊரிலும் விதி என்ன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் எத்தனை மணி நேரம் நிற்கலாம், ராத்திரி நிறுத்தத் தடை உண்டா என்று தெரிந்தால் அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பணம் கொடுப்பதாக இருந்தால் வண்டிக்குக் கொடுங்கள் என்பது என் கருத்து. பிரேக் லைட் ஒன்று எரியாவிட்டாலே நிறுத்தி விசாரிப்பார்கள், அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கும். டயர், பல்பு, இன்சூரன்ஸ் தேதி, பதிவுப் புதுப்பிப்பு. எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியிலேயே ஃபோன், விளக்கு, ஃபேன் என்று போட்டால் பேட்டரி இறங்கி வண்டி கிளம்பாது, கிளம்பாத வண்டியைத்தான் முதலில் தூக்குவார்கள். பக்கத்தில் ஜம்பர் கேபிள் (இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்துக் கிளப்பும் கம்பி) வைத்திருக்கும் ஒருவர் இருந்தால் போதும். ஓடும் நிலையில் வண்டி இருந்தால், இந்த இடம் இல்லையென்றால் இன்னொரு இடம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 2004 முதல், ராத்திரியில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடங்களை இப்படிப்பட்டவர்களுக்குத் திறந்துவிடும் திட்டம் நடக்கிறது. தேவாலயங்களும் நகர நிர்வாகமும் இடம் கொடுக்கின்றன, சாயங்காலம் வந்து காலையில் கிளம்பிவிட வேண்டும், வீடு தேடிக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து வேறு பல நகரங்களிலும் ஆரம்பித்தார்கள். வழிபாட்டுத் தலமோ, மண்டபமோ, அலுவலகமோ, ராத்திரியில் காலியாகக் கிடக்கும் இடம் இல்லாத ஊர் உண்டா? பொறுப்பில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள், எதிர்வீடு மாதிரி ஆட்களின் கவலைக்கும் அதில் பதில் இருக்கிறது.

வாசல்திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பேசிவிட்டேன். குழாயைக் காட்டினேன், வேண்டாம் என்றார். ஃபோன் சார்ஜ் என்றதும் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். சாயங்காலம் ஃபோனை வாங்க வந்தபோது அவராகவே ஒன்று கேட்டார். பள்ளியில் முகவரிச் சான்று கேட்கிறார்களாம், தபால் வேறு எதற்கும் வர வழியில்லையாம், உங்கள் முகவரியைக் கொடுத்துக்கொள்ளலாமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கொடுத்தால் எனக்கு ஏதாவது சட்டச் சிக்கல் வருமா? தெருக் குழுவில் இதையெல்லாம் சொல்வதா வேண்டாமா?

படிவம் எழுதியது:

வீடில்லாதவர்களோடு வேலை செய்கிறேன், இந்த முகவரிப் பிரச்சினைதான் என் பாதி நாள்.

தபால் வருவதற்கு மட்டும் முகவரி கொடுப்பது வேறு, அங்கே குடியிருக்கிறார் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யலாம், உங்கள் பெயர் போட்டு கேர் ஆஃப் என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரண்டாவது பொய்ச் சான்று, அது பிற்பாடு உங்களைவிட அந்த அம்மாவைத்தான் அதிகம் மாட்டிவிடும். பல நாடுகளில் தபால் நிலையமே கடிதத்தை வைத்திருந்து நேரில் வருபவரிடம் கொடுக்கும், அதையும் விசாரியுங்கள்.

பள்ளியில் உண்மையைச் சொல்வது நல்லது, ஆனால் சொல்வதா இல்லையா என்பதை அந்த அம்மா முடிவு செய்ய வேண்டும். பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் இவர்கள் எல்லோருக்கும் இருக்கிறது, நாம் முந்திக்கொண்டு யாரிடமாவது சொன்னால் மறுநாள் வேன் அங்கே இருக்காது. அமெரிக்காவில் 1987இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி காரில் தூங்கும் பிள்ளையையும் முகவரிச் சான்று இல்லாமலேயே உடனே பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் இடத்தில் அதற்கு ஈடான விதி இருக்கிறதா என்று பெயர் எதுவும் சொல்லாமல் கல்வி அலுவலகத்தில் நீங்களே கேட்டுப் பார்க்கலாம். இந்த மாதிரி அலைச்சலை அடுத்தவர் செய்து கொடுப்பது பெரிய உதவி, ஏனென்றால் ராத்திரி சரியாகத் தூங்காமல் பகலில் வேலையும் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு வரிசையில் நிற்கத் தெம்பு இருக்காது.

வீட்டுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பித்திருந்தால், கூப்பிடும்போது ஃபோன் எடுக்காவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். அதனால் நீங்கள் போட்டுக் கொடுத்த அந்த சார்ஜைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வாடகை வீடு பார்க்கப் போகும் நாளில் பையனைப் பார்த்துக்கொள்வது, முன்பணத்துக்கு நாலு வீட்டார் சேர்ந்து கைகொடுப்பது, வீட்டுக்காரர் கேட்டால் எங்களுக்குத் தெரிந்தவர் என்று சொல்வது, இதெல்லாம் கடைசியில் தேவைப்படும். ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொண்டால் சீக்கிரம் சலித்துவிடுவார், இரண்டு மூன்று வீடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் "பேசியிருக்கிறேன், ஏதாவது என்றால் நேரே என்னிடம் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். அவர் பெயர், பையன் படிக்கும் பள்ளி, அவர் சொன்ன எதுவும் அங்கே வேண்டாம்.