ஆறு உங்களுக்கு உண்மையில் என்ன கொடுத்தது?

நூல்கண்டு:

வணக்கம். நான் திருப்பூர். இரண்டு வருடமாகக் கவிதை எழுதிப் பார்க்கிறேன். போன மாதம் எழுதிய ஒன்றைத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். நதி, நாணல், நிலா, ஓடம் எல்லாம் அதில் இருந்தன. படித்துவிட்டு, "இதில் நீ எங்கேப்பா நிற்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. நான் ஓடத்தில் ஏறியதே இல்லை.

ஆற்றங்கரையில் பிறந்து எழுத வந்தவர்கள் பலரும் "ஆறுதான் என்னை எழுத வைத்தது" என்கிறார்கள். எப்படி என்று யாரும் விரித்துச் சொல்வதில்லை. அழகான இடத்தைப் பார்த்தால் கற்பனை வந்துவிடுமா? அப்படியென்றால் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் எல்லாரும் எழுதியிருக்க வேண்டுமே. எனக்கு ஆறே இல்லை, அதனால்தான் வரவில்லையோ என்று ஒரு கவலை. இங்கே அப்படி வளர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பொதுவாக வேண்டாம். ஒரு நாள், ஒரு பொருள், ஒரு சொல் என்று சொன்னால்கூடப் போதும்.

குடமுருட்டி:

எனக்குத் திருவையாறு பக்கம். எங்கள் ஆற்றில் வருடத்தில் பல மாதம் மணல்தான். கோடையில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வருவோம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள் என்றால் கல்லணைக்கு வந்து, அங்கே பிரித்துவிட்டு, எங்கள் ஊரை எட்ட நாள் பிடிக்கும். "திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வந்துட்டுதாம்" என்று யாராவது சொல்வார்கள். அதிலிருந்து தூக்கம் வராது.

முதல் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? சருகு, குச்சி, நுரை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்தில் வரும். நாங்கள் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடப்போம். அம்மா பூவை உதிர்த்துப் போட்டுக் கும்பிடுவாள். காய்ந்த மணலுக்குள் தண்ணீர் இறங்கும்போது ஒரு ஒலி கேட்கும், குனிந்தால்தான் கேட்கும். அந்த ஒலிக்கு இன்னும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ஐந்தாறு கவிதையில் முயன்றுவிட்டேன்.

நீர்மருது:

தம்பி (தங்கை என்றால் மன்னிக்கவும்), நான் தாமிரபரணிக் கரை. கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் ஒரு கிராமம். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பத்தொன்பது வயதுவரை ஆற்றங்கரையில்தான் இருந்தேன், அதுவரை ஒரு வரி எழுதியதில்லை. எழுதத் தொடங்கியது இங்கே ஒரு வாடகை அறையில், குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில்.

ஒரு நாள் கேட்டீர்கள். ஜூன் மாதத்து நாள் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் ஜூனில் நல்ல வெயிலும் காற்றுமாக இருக்கும். ஆச்சி படித்துறையில் துவைத்து விரித்த சேலை அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். நான் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்பேன், கெண்டைக்குஞ்சு வந்து காலைக் கொத்துவதற்காக. தண்ணீர் அவ்வளவு தெளிவு, கால்விரல் நகம் தெரியும். அப்போது ஆச்சி சத்தம் போடுவாள்: "ஏலே, மேல ஏறு." எனக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் நகம் மங்கும். அப்புறம் பாதம் மறையும். எங்கள் கரையில் இல்லாத ஏதோ மரத்தின் இலையும் காயும் மிதந்து வரும். மேற்கே பொதிகையில், பாபநாசம் அணைக்குக் கீழே உள்ள மலைச்சரிவுகளில் மழை கொட்டியிருக்கும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். "உனக்கு எப்படி ஆச்சி தெரிஞ்சுது?" என்றால், "வாசம் வந்துச்சுல்லா" என்பாள். மண்ணும் மக்கின இலையும் கலந்த வாசம், நிறம் மாறுவதற்குச் சற்று முன்னால் வரும். அது எனக்குப் பிடிபட மூன்று வருடம் ஆனது.

கற்பனை என்கிறீர்களே, எனக்கு அது அங்கே தொடங்கியது. நான் நிற்கிற இடத்தில் வெயில். இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பார்க்காத காட்டில் மழை. தண்ணீரையும் இலையையும் வைத்து அந்த மழையை நானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முதல் தொகுப்பில் இருக்கும் நாலு வரி:

இங்கே வெயில்.
துணி உலர்கிறது.
ஆற்றில் மட்டும்
யாரோ நனைந்த சேதி.

இதை எழுதும்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆச்சி போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

அப்பாவிடமிருந்து வந்தது வேறு. தினமும் டீக்கடையில் பேப்பரில் பாபநாசம் அணையின் நீர்மட்டம் பார்த்துவிட்டு வருவார். அணையின் உயரம் 143 அடி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "தொண்ணூத்தி நாலு" என்பார். ஜூனில் தொடங்கும் கார் நெல் சாகுபடிக்கு விதைக்கலாமா, வேண்டாமா என்பது அந்த எண்ணில் இருந்தது. அம்மா அதற்கேற்ப அடகுக்கடைக் கணக்கு போடுவாள். நான் அப்போது அணையைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த எண்ணை வைத்தே மனதுக்குள் ஒரு பெரிய நீர்ப்பரப்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நேரில் போய்ப் பார்த்தபோது, நான் வைத்திருந்த அணை இன்னும் பெரிதாக இருந்தது.

சொல் கேட்டீர்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலே முதலில் வருவதன் பெயர் கோடைமேலழகியான். அடுத்தது நதியுண்ணி. மூன்றாவது எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் கன்னடியன். நதியுண்ணி! நதியை உண்கிற ஒன்று. ஏழு வயதில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, ராத்திரி ஆற்றில் வாய் வைத்துக் குடிக்கிற ஏதோ ஒன்றை நினைத்துப் போர்வைக்குள் சுருண்டிருக்கிறேன். யார் வைத்த பெயரோ, அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

பொருள் என்றால் கோரை. பத்தமடை பக்கத்தில்தானே இருக்கிறது. பாய் முடைய, கீறிக் காயவைத்த கோரையை ஓடும் தண்ணீரில் கட்டுக்கட்டாக ஊறப்போடுவார்கள். நாளாக ஆக உப்பி மெத்தென்று ஆகும். நீந்தும்போது கட்டை மிதித்துவிட்டால் ஏச்சு விழும். இன்றும் புதுப்பாயில் படுத்தால் எனக்கு முதுகுக்குக் கீழே ஆறு ஓடுகிறது.

ஆனால் ஆற்றை அழகு என்று மட்டும் எழுதுகிறவர்களை என்னால் நம்பமுடிவதில்லை. 1992 நவம்பர் வெள்ளத்தில் நான் ஐந்தாம் வகுப்பு. ராத்திரி தெருவுக்குள் தண்ணீர் வந்து, பள்ளிக்கூட மாடியில் ஏறி உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் யார் வீட்டு வைக்கோல் படப்போ குலையாமல் மிதந்து போகிறது, உச்சியில் இரண்டு கோழி. அவை கத்தவே இல்லை. அந்த அமைதியை நான் இன்னும் எழுதவில்லை, பயமாக இருக்கிறது. பிசானம் என்கிற மழைக்கால நெல்லுக்கு விட்ட நாற்று எல்லாம் மணலுக்கு அடியில் போய்விட்டது. அப்பா ஒரு மாதம் ஆற்றுப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆச்சி மூன்றாம் நாளே குடத்தோடு இறங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுட்ட கோவிச்சுக்கிட்டு எங்கலே போவ?" என்றாள்.

இன்னொன்று. சீவலப்பேரி அருகே சிற்றாறு வந்து கலக்கிற முக்கூடலைப் பாடியதுதான் முக்கூடற்பள்ளு. ஆற்றில் வெள்ளம் வரப்போவதன் குறிகள் அதில் வரும். மலையாள மின்னல், ஈழ மின்னல், கேணியில் கூப்பிடும் சொறித்தவளை, சேற்றில் வளையை அடைக்கிற நண்டு. நான் அதைப் பிந்தித்தான் படித்தேன். படித்த ராத்திரி ஆச்சி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசியது போலிருந்தது. மேற்கிலும் கிழக்கிலும் மின்னலைப் பார்த்துக் கணக்குப் போடுவது, இரண்டு பருவமழைக்கு நடுவில் கிடக்கிற எங்கள் ஊர்க்காரர்களின் பழக்கம். அதைப் பாடியவர் யாரென்று பெயர்கூட நிற்கவில்லை. அவர் சேற்றில் நின்றவர் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நூல்கண்டு:

அண்ணா, தம்பிதானுங்க. மூன்று தடவை படித்துவிட்டேன். குடமுருட்டி அக்காவுக்கும் நன்றி.

எனக்கு ஆறே இல்லை என்று எழுதினேன். அது பொய்ங்க. வீட்டிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் நொய்யல். பாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம், மூக்கைப் பொத்திக்கொண்டே தாண்டுவோம். ஒரு நாள் கருநீலம் ஓடும், ஒரு நாள் மெரூன். நாளைக்கு என்ன நிறம் என்று நானும் என் சேக்காளியும் பந்தயம் கட்டுவோம், தோற்றவன் தேன்மிட்டாய் வாங்கித் தரவேண்டும். அவன்தான் அதிகம் ஜெயிப்பான். அவன் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், எந்த ஆர்டர் ஓடுகிறது என்று முந்தின ராத்திரியே கேட்டுவிட்டு வருவான். எனக்கு அது ரொம்ப நாள் தெரியாது.

என் அப்பா சாயப்பட்டறையில் இருந்தார். 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளை மூடினார்கள். கொஞ்ச நாளில் பாலத்துக்குக் கீழே நிறம் போய்விட்டது. ஊரில் நல்லது என்றார்கள். நல்லதுதான், கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கமுடியாமல் இருந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. அந்த மாதங்களில் பாலத்தில் நிற்கும்போது சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாது. இதையெல்லாம் ஆறு என்று எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லைங்க.

நீர்மருது:

தம்பி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். டிபன்பாக்ஸைத் திறக்கவில்லை.

உங்கள் சேக்காளி செய்ததும் ஆச்சி செய்ததும் ஒன்றுதான். தண்ணீர் வருவதற்கு முன்னால் மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டவன் அவன். ஓடத்தை விட்டுவிட்டு அந்தப் பாலத்தில் ஏறி நில்லுங்கள். மெரூன் ஓடுகிற நாளில் நுரைக்கு என்ன நிறம்? பாலத்துத் தூணில் கறை எவ்வளவு உயரம்வரை ஏறியிருந்தது? கொக்கு வந்ததா? வந்தால் எங்கே நின்றது? அப்பா வேலைக்குப் போகாத காலையில் முதலில் என்ன செய்தார்?

எங்கள் ஆறும் இப்போது முன்னைப்போல இல்லை. போன தடவை போனபோது படித்துறையை அமலைச்செடி மூடிக்கிடந்தது, நகம் தெரியவில்லை. நான் அதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நீங்கள் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். இங்கேயே போடுவோம்.

குடமுருட்டி:

நூல்கண்டு, எனக்கு அந்த அப்பாவைப் பற்றித்தான் தெரியவேண்டும். அவர் கை எப்படி இருக்கும்?

நூல்கண்டு:

அக்கா, நகக்கண்ணில் எப்போதும் நீலம் இருக்கும். சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் போகாது. சோறு பிசையும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டறை மூடி மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ, ஒரு நாள் தட்டில் கை வைத்தார், நகம் வெள்ளையாக இருந்தது. அம்மாவும் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லைங்க.