பத்து வரிச் செய்நிரலைச் சோதிப்பதற்கு இலகுவான கருவி எது?

கேள்வி (முத்தையன்கட்டு ஆசிரியை):
உயர்தர வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். எமது கணினி அறையில் இருப்பவை விண்டோஸ் 7 இயங்கும், 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினிகள். மழை பெய்தால் இணையமும் இல்லை. முன்னர் யாரோ நிறுவிவைத்த பெரிய மென்பொருள் திறந்து முடிவதற்குள் 40 நிமிடப் பாடவேளையில் கால்வாசி போய்விடுகிறது. பைதன் என்னும் கணினி மொழியில் சிறு துண்டுகளை எழுதி உடனே ஓட்டிப் பார்ப்பதற்கு எதைப் பயன்படுத்தலாம்?

மறுமொழி (அறிவியல்நகர்ப் பழைய மாணவன்):
வணக்கம் ரீச்சர். புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. பைதனை நிறுவும்போதே ஐடில் என்னும் சிறு கருவியும் கூடவே வருகிறது. விண்டோஸ் 7 ஏற்கும் கடைசிப் பைதன் பதிப்பு 3.8 என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஐடிலின் சாளரத்தில் ஒரு வரியைத் தட்டினால் அடுத்த வரியில் விடை வந்துவிடும். 7 ஐ 2 ஆல் இரட்டைச் சாய்கோடு (//) இட்டு, அதாவது விடை முழுவெண்ணாக வரும்படி, வகுத்தால் 3 வரும். -7 ஐ அவ்வாறு வகுத்தால் மாணவர் -3 ஐ எதிர்பார்ப்பர். வருவதோ -4, ஏனெனில் பைதன் அங்கே எப்போதும் சிறிய முழுவெண்ணின் பக்கமே இறங்குகிறது. இதை எத்தனை தரம் பலகையில் எழுதினாலும், தாமே தட்டிப் பார்க்கும்போதுதான் மனதில் நிற்கிறது.

ஆனால் அந்தச் சாளரம் பழையதை மறப்பதில்லை. ‘மொத்தம்’ என்ற மாறிக்கு முந்திய பரிசோதனையில் ஒரு பெறுமானத்தை இட்டுவைத்த மாணவன், அடுத்த துண்டில் தொடக்கப் பெறுமானம் கொடுக்க மறந்தாலும் வழுச்செய்தி எதுவும் வராது. விடைத்தாளில்தான் புள்ளி போகும். ஆகவே இரண்டு வரிக்கு மேற்பட்டதைக் கோப்பாகச் சேமித்து எஃப்5 விசையால் இயக்கச் சொல்லுங்கள். அப்போது பழைய மாறிகள் யாவும் நீங்க, கோப்பில் எழுதியவை மட்டும் சாளரத்தில் தயாராக நிற்கும் என்பதால், அதிலுள்ள சார்புகளை (பெயரிட்டு அழைக்கும் செய்நிரல் பகுதிகளை) வெவ்வேறு பெறுமானங்கள் கொடுத்து உடனே சோதிக்கலாம். (மாறிப் பெயரைத் தமிழிலேயே எழுதினாலும் பைதன் 3 ஏற்றுக்கொள்ளும்.)

மறுமொழி (வவுனியா வாசகி):
தொடக்க மாணவருக்கு நான் தோனியையே பரிந்துரைப்பேன். கிரிக்கெட் வீரரை அல்ல, எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான கருவியை. மாறிகளின் பெறுமானங்களைப் பக்கத்திலேயே அட்டவணையாகக் காட்டுவதுடன், ஒரு கணிதக் கோவை படிப்படியாகச் சுருங்கி விடையாவதையும் அது காட்டுகிறது. மீள்செயலில் (ஒரு சார்பு தன்னையே மீண்டும் அழைப்பதில்) தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. ஐடிலை விடச் சற்றுக் கனமானதுதான். முதலில் ஒரு கணினியில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

மறுமொழி (மாங்குளம்):
எதில் எழுதினாலும் துண்டின் அடியில் ‘அசர்ட்’ (assert) கூற்றுகள், அதாவது ‘விடை இதுதானா’ என்று சரிபார்க்கும் வரிகள், இரண்டு மூன்றைச் சேர்க்கப் பழக்குங்கள். எதிர்பார்த்த விடை வராவிட்டால் செய்நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். வீட்டில் கணினி இல்லாதோருக்கு ஆண்ட்ராய்டு கைபேசியில் பைட்ராய்டு 3 என்னும் பைதன் செயலி போதும். நிறுவிய பின் இணையம் தேவைப்படாது.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. 3.8 ஐப் பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவினேன். இரண்டு கணினிகள் 32 பிட் என்பதால் அவற்றுக்கு வேறு நிறுவி எடுக்க வேண்டியிருந்தது. ஐடில் உடனே திறக்கிறது. தோனியை என் மடிக்கணினியில் வைத்துத் திரையில் காட்டப் போகிறேன். -7 கேள்விக்கு வகுப்பில் ஒருவரும் சரியான விடை சொல்லவில்லை. உங்கள் மறுமொழியைப் படிக்கும்வரை நானும் -3 என்றே நினைத்திருந்தேன்.