மார்க்ஸ் சொன்னதாகச் சுற்றும் கடன் வாசகம்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் படமொன்றைக் காட்டினார். தொழிலாளர்கள் கடன்பட்டு வீடும் தொழில்நுட்பமும் வாங்குவார்கள், கடன் அடைபடாமல் வங்கிகள் அரசுடைமையாகும் என்று 1867இல் மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் எழுதியதாக அதில் இருந்தது. உண்மைதானா, ஐயா?

பதில்: இல்லை. 2008 நிதி நெருக்கடியை ஒட்டிப் பரவிய அவ்வாசகம் அந்நூலில் இல்லை. வீட்டோடு ‘தொழில்நுட்பம்’ வாங்குவது என்ற நடையே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

மற்றொரு பதில்: தங்களைத் தூக்கிலிடப்போகும் கயிற்றை முதலாளிகளே விற்பார்கள் என்று லெனின் சொன்னதாகச் சுற்றும் வாசகமும் அவர் எழுத்துகளில் இல்லை. முதலாளித்துவத்தின் குறை நன்மைகளைச் சமமின்றிப் பகிர்வது என்று சர்ச்சில் 1945 அக்டோபர் 22இல் நாடாளுமன்றத்தில் பேசியதோ உண்மை; சோசலிசத்தைச் சாடிய அடுத்த பாதியைத்தான் பலர் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கேட்டவர்: நன்றி, ஐயா. நண்பரிடம் சொன்னேன், “யார் சொன்னால் என்ன, என் கார் கடன் ஒன்பது ஆண்டு” என்கிறார்.