பிஎம்பி சான்றிதழ் வேலை செய்ற விதம் மாறுற வேகத்துக்கு ஈடு கொடுக்குதா?

கஞ்சிக்கோடு பிளானர்:
எங்க கம்பெனியில சீனியர் பிளானிங் போஸ்ட்டுக்கு பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல் சான்றிதழ்) இருந்தா முன்னுரிமையாம். படிக்க உக்காந்தா, 2021 ஜனவரியில மாறின தேர்வுல கேள்வியில ஏறக்குறைய பாதி அஜைல் (சின்னச் சின்னக் கட்டமா செஞ்சு, போகப் போகத் திட்டத்தை மாத்தறது), ஹைப்ரிட் (அதையும் முன்கூட்டியே போட்ட திட்டத்தையும் கலந்து நடத்துறது). நான் பார்க்கிறது ஃபவுண்டேஷன், ஸ்டீல் எரெக்‌ஷன். போட்ட கான்கிரீட்டை அடுத்த ஸ்பிரிண்ட்ல (அஜைல்ல சில வாரச் சுற்று) மாத்த முடியாது. சாஃப்ட்வேர்காரங்களுக்காக எழுதின பாடத்துல நாங்க ஏன் பாஸ் பண்ணணும்?

வாளையார் ஆட்டோமேஷன்:
அண்ணே, இந்தத் தேர்வை நடத்துற பிஎம்ஐ அமைப்பு சில வருஷத்துக்கு ஒருமுறை வேலையில இருக்கிறவங்க என்ன செய்றாங்கன்னு ஆய்வு நடத்தித்தான் தேர்வு வரையறையையே எழுதுது. அப்படித்தான் 2021ல கேள்வியில ஆளுங்களை நடத்துறதுக்கு 42 சதவீதம், செயல்முறைக்கு 50, வணிகச் சூழலுக்கு 8னு மாறிச்சு. உங்க சைட்டையே பாருங்க. ஓணத்துக்குப் பாலக்காட்டு ஃபிட்டர்கள் லீவு, தீபாவளிக்குக் கோயம்புத்தூர், பொள்ளாச்சி ஆளுங்க லீவு, ஜூன்ல மழை. ஒரு வருஷ ஷெட்யூலை அப்படியே பிடிச்சுக்கிட்டா நடத்துறீங்க? வாராவாரம் கான்ட்ராக்டர்களை உக்கார வெச்சு, அடுத்த மூணு வாரத்துக்கு எது தடைன்னு கேட்டு மாத்தறீங்கல்ல? ஹைப்ரிட்னா அதுதான்.

கஞ்சிக்கோடு பிளானர்:
நீங்க சொல்ற அந்த மூணு வார லுக்-அஹெட் மீட்டிங் நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே சைட்டுல இருக்கு தம்பி. வேலையைச் செய்றவங்களையே உக்கார வெச்சுத் திட்டம் போடற லாஸ்ட் பிளானர் முறை 1990கள்லயே வந்தாச்சு. தேர்வு இப்பதான் வந்து சேருது. எனக்கு ராத்தூக்கம் கெடுக்கிறது டிலே கிளெய்ம் (தாமதத்துக்குக் காசு கேக்கறது), எக்ஸ்டென்ஷன் ஆஃப் டைம் (கான்ட்ராக்ட்ல கூடுதல் நாள் கேக்கறது). டிராயிங் லேட்டா வந்தா அன்னிக்கே லெட்டர் போடணும், விட்டா காசு போச்சு. அதை ஆழமா எங்க கேக்கறாங்க?

சித்தூர் டிப்ளமோ:
நான் டிப்ளமோங்க. 4 வருஷ டிகிரி இருந்தா 36 மாச அனுபவம் போதும், எங்களுக்கு 60. அது போக 35 மணி நேர வகுப்பு. இவ்வளவும் முடிச்சா பிரயோஜனம் உண்டுங்களா?

பாலக்காடு சீனியர்:
உண்டு, எழுதுங்க. ஆனா ரெண்டு பேரும் தேர்வையே பேசறீங்க. ஓட்டை சான்றிதழ் ரினியூவல்ல இருக்கு. 3 வருஷத்துல 60 பிடியு (தொடர்ந்து கத்துக்கறதுக்குத் தர்ற புள்ளி) சேர்த்தா போதும், திரும்பத் தேர்வு கிடையாது. வெபினார் கேட்டே பெரும்பகுதியைத் தேத்தலாம். 2010ல ப்ராஜெக்ட்டோட ஐந்து பிராசஸ் குரூப்பை (தொடக்கத்துலயிருந்து முடிவு வரைக்குமான வேலைப் பிரிவுகள்) படிச்சு பாஸானவர் கையிலயும், போன வருஷம் பாஸானவர் கையிலயும் அதே மூணெழுத்துதான். பரீட்சை ஓடுது, பாஸானவரை யாரும் ஓடச் சொல்றதில்லை. இதைத்தான் நான் ஏத்துக்க மாட்டேன்.

வாளையார் ஆட்டோமேஷன்:
சார், பிளான்ட்டை நிறுத்தி வேலை பார்க்கற ஷட்டவுன் நேரத்துல 12 மணி நேரம் நிக்கிறவரை மறுபடி பரீட்சை எழுதச் சொல்றது நியாயமில்லை. தினமும் வேலை பார்த்தே கத்துக்கறாரே.

பாலக்காடு சீனியர்:
அந்த வேலை அனுபவத்துக்கு அவங்க ஒரு 3 வருஷச் சுழற்சியில தர்றது அதிகபட்சம் 8 பிடியுதான். அப்ப கணக்கு எங்க பொருந்துது? 60ல பாதியாவது அவங்கவங்க செஞ்ச ப்ராஜெக்ட்டைக் காட்டி வாங்கற மாதிரி இருக்கணும்.

கஞ்சிக்கோடு பிளானர்:
அது வந்தா நான் முழு மனசோட ஆதரிப்பேன். எங்க இன்டர்வியூவுல இப்பவே பேஸ்லைன் ஷெட்யூலையும் (முதல்ல ஒத்துக்கிட்ட அட்டவணை), தாமதமானப்புறம் திருத்தின ஷெட்யூலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு விளக்கச் சொல்றோம்.

சித்தூர் டிப்ளமோ:
கம்பெனி ஷெட்யூலை வெளியில காட்ட விடுவாங்களாங்க?

கஞ்சிக்கோடு பிளானர்:
பேரு, தொகை எல்லாம் அழிச்சுட்டு கொண்டு வாங்க தம்பி. எந்த வேலை எதனால தள்ளிப்போச்சு, நீங்க என்ன மாத்தினீங்க, அது தெரிஞ்சா போதும்.