மை ஃபேர் லேடி: படத்தில் எலைசா பாடும்போது மட்டும் ஏன் ஒட்டவில்லை?

கேட்டவர்: மதுரைக்காரி

போன ஞாயிறு மகளோடு உட்கார்ந்து 1964 படத்தைப் பார்த்தேன். தெருவில் பூ விற்கும் எலைசாவுக்கு ஹிக்கின்ஸ் என்ற பேராசிரியர் மேல்தட்டு ஆங்கில உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்கும் கதை. எலைசாவாக வரும் ஆட்ரி ஹெப்பர்ன் பேசும் காட்சிகளில் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் பாட்டு தொடங்கியதும் வேறு யாரோ வந்து நின்ற மாதிரி இருக்கிறது. பின்னணிக் குரல் என்று தெரியும். அது எனக்குப் புதிதில்லை. சுசீலா பாட, பத்மினி வாயசைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே உறுத்தாதது இங்கே ஏன் உறுத்துகிறது? 1956 மேடை நாடகத்தின் இசைத்தட்டைக் கேளுங்கள் என்கிறார்கள். படம் பார்த்த பிறகு அதில் புதிதாக என்ன கிடைத்துவிடும்?

பதில்: கறுப்பு வெள்ளை

எனக்குப் படமே போதும். ஆஸ்கட் குதிரைப் பந்தயக் காட்சியில் செசில் பீட்டனின் அந்தக் கறுப்பு வெள்ளை உடைகளை இசைத்தட்டில் எப்படிப் பார்ப்பது?

பதில்: பழைய தட்டு

மதுரைக்காரி அக்கா, உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

நம் படங்களில் டி.எம்.எஸ்., சுசீலா இரண்டு பேர் குரலும் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வருகிறது. நாயகன், நாயகி இரண்டு பேரும் வாயசைக்கிறார்கள். இந்தப் படத்தில் அப்படி இல்லை. ஹிக்கின்ஸாக வரும் ரெக்ஸ் ஹாரிசன், ஒரு தடவை பாடியது போல மறு தடவை பாட வராது, அதனால் வாயசைக்க மாட்டேன் என்றுவிட்டார். டைக்குள் சிறிய கம்பியில்லா மைக்கை ஒளித்து வைத்து, படப்பிடிப்பிலேயே அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். அவர் பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறுகிறது என்று சொல்ல முடியாது, ஒரே மூச்சு. எதிரே எலைசாவுக்கோ மார்னி நிக்ஸன் தனியே பாடிச் சேர்த்த குரல். அவர் நிற்பது அறைக்குள், அவள் குரல் வருவது வேறெங்கிருந்தோ. உறுத்தாமல் என்ன செய்யும்? அந்த நிக்ஸன் பெயரைக்கூடப் படத்தில் போடவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

'ஜஸ்ட் யூ வெய்ட்' பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். ஆத்திரத்தில் பல்லைக் கடித்துப் பாடும் முதல் பகுதி ஹெப்பர்னின் சொந்தக் குரல். ஒருநாள் நான் பேர் பெறுவேன், ராஜா என்னைக் கூப்பிடுவார் என்று கனவு காணும் நடுப்பகுதி நிக்ஸன். ஆத்திரம் திரும்பியதும் மறுபடி ஹெப்பர்ன். கதையே ஒரு பெண்ணின் பேச்சும் குரலும் மாறுவதைப் பற்றியது. அந்தக் குரலையே பாட்டின் நடுவில் ஆள் மாற்றினால் கதையின் உயிர்நாடியில் கைவைத்தது போலத்தான்.

அப்புறம் 1956 தட்டு. என் அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கியது. மேலுறையில் ஹிர்ஷ்ஃபெல்டின் கோட்டுச் சித்திரம்: மேகத்தில் உட்கார்ந்து, மூல நாடகத்தை எழுதிய பெர்னார்ட் ஷா பொம்மலாட்ட நூலை ஆட்டுகிறார், கீழே ஹிக்கின்ஸ் ஆடுகிறார், ஹிக்கின்ஸ் கையிலிருக்கும் நூலில் எலைசா. சின்ன வயதில் பாட்டைவிட அந்தப் படத்தைத்தான் அதிகம் பார்த்தேன். நாடகம் மார்ச் 15 அன்று அரங்கேறி, பத்தே நாளில் பதிவான தட்டு இது. மேடையில் எலைசாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது வயது 20. நாடகத்தின் சூடு அப்படியே இருக்கிறது. 'ஜஸ்ட் யூ வெய்ட்'டில் அதே தொண்டைதான் தெருப்பெண்ணாகக் கத்துகிறது, அடுத்த வரியில் மணியாகத் தெளிகிறது, மறுபடி கத்துகிறது. இரண்டு பெண்களும் ஒருத்திக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று காது நம்பிவிடும். 1959-இல் லண்டனில் ஆண்ட்ரூஸும், மேடையிலும் ஹிக்கின்ஸாக நடித்த ஹாரிசனும் ஸ்டீரியோவில் மறுபடி பதிவு செய்தார்கள். ஒலி சுத்தம், ஆனால் எனக்கு முதல் தட்டுதான் வேண்டும்.

ஹெப்பர்னைக் குறை சொல்லவில்லை. அவர் உழைத்துப் பயிற்சி எடுத்துப் பாடியும் கொடுத்தார். அவர் குரலில் 'ஷோ மீ' இன்னும் கேட்கக் கிடைக்கிறது. மெலிந்த குரல்தான், ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தமான குரல். அதையே வைத்திருக்கலாம் என்பது என் தீர்மானமான கருத்து. படம் எட்டு ஆஸ்கர் வாங்கியது, அவருக்குப் பரிந்துரைகூட இல்லை. அதே ஆண்டு சிறந்த நடிகை விருது வேறொரு படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் போனது.

பதில்: நியூயார்க் நாணா

2018-இல் லிங்கன் சென்டரில் இந்த நாடகத்தை பார்ட்லெட் ஷேர் இயக்கத்தில் பார்த்தேன், லாரன் ஆம்ப்ரோஸ் எலைசா. முடிவு வேறு. படத்தில் ஹிக்கின்ஸ் தன் செருப்பு எங்கே என்று கேட்பதோடு, எலைசா அவரிடம் திரும்பி வந்துவிட்டாள் என்று முடிகிறதல்லவா? இதில் அவள் பக்கத்தில் போய், அவர் கன்னத்தைத் தொட்டு, மேடையை விட்டு இறங்கி எங்கள் நடுவே நடந்து போய்விட்டாள். வசனம் மாறவில்லை. இவளை ஹிக்கின்ஸோடு சேர்த்துவைக்க ஷாவுக்குக் கடைசிவரை இஷ்டமில்லை. அவருக்கு இது பிடித்திருக்கும்.

மதுரைக்காரி:

பழைய தட்டு தம்பி, நேற்று ராத்திரி 1956 பதிவைக் கேட்டேன். 'ரெயின் இன் ஸ்பெயின்' தொடக்கத்தில் அந்த உச்சரிப்புப் பயிற்சி வரியை எலைசா முதன்முறையாகச் சரியாகச் சொல்லும்போது, தப்பிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறாள். சமையலறையில் நின்றபடியே கேட்டேன், அடுப்பை அணைத்துவிட்டேன். ஹெப்பர்ன் பாடிய 'ஷோ மீ' எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள், மகளும் கேட்கிறாள்.